படம் போச்சுன்னு வந்த அச்சாபீஸ் சிஸ்டம்: ரிப்பேரா, புதுசா?

சிவகாசி பக்கம் ஒரு சின்ன ஊர்ல கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ்னு அடிச்சுக் குடுக்குற அண்ணாச்சி ஒருத்தர் 2025 ஆடி கடைசில போன் பண்ணி, "தம்பி, சிஸ்டத்துல படம் போயிருச்சு, வாங்கி 13 வருசம் ஆச்சு, பேசாம புதுசு வாங்கிருவமா"ன்னு கேட்டாரு. பக்கத்து டவுன்ல ஒரு கடைக்கு ஏற்கனவே தூக்கிட்டுப் போயிருக்காரு. அவங்க கவரைக்கூட கழட்டிப் பாக்காம "போர்டு போச்சு அண்ணாச்சி, புது செட்டு போட்டுருங்க"ன்னு 38,000 ரூவாய்க்கு கொட்டேஷன் எழுதிக் குடுத்துட்டாங்க. ஆவணி பொறந்தா முகூர்த்தம் ஆரம்பிச்சிரும், ஆர்டர் வரிசை கட்டி நிக்கும், அதனால அவரு காசைப் பத்தி யோசிக்கிற நிலைமையிலயே இல்ல, எப்படியாவது ஓடுனா போதும்னு இருந்தாரு.

இந்த மாதிரி மெஷின் நம்ம பக்கம் அச்சாபீஸ், டைப்பிங் சென்டர், போட்டோ ஸ்டுடியோன்னு இன்னும் நிறைய எடத்துல ஓடிட்டு இருக்கு, எல்லா எடத்துலயும் வர்ற கேள்வி இதேதான், அதனால இத முழுசா எழுதி வச்சிரலாம்னு தோணுச்சு.

மெஷின் 2012ல அசெம்பிள் பண்ணது. ஐ3-2120 பிராசசர், எச்61 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7ல 32 பிட். அதுக்குள்ள பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, ஒரு பழைய கோரல்டிரா, யூஎஸ்பி டாங்கிள், அதாவது பென் டிரைவ் மாதிரி ஒரு சாவி, சொருகுனாத்தான் ஓடும்ங்கிற ஒரு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர். மானிட்டர் 18.5 இன்ச், விஜிஏ மட்டும்தான். அது போக தனியா ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அண்ணாச்சி பேஜ்மேக்கர்ல மேட்டர் செட் பண்ணி, லேசர் பிரிண்டர்ல ட்ரேசிங் ஷீட் எடுத்து, பிளேட் போட்டு மினி ஆஃப்செட்ல ஓட்டுவாரு, மல்டிகலர் வேலை வந்தா மட்டும் பிடிஎஃப் போட்டு சிவகாசிக்கு அனுப்பிருவாரு. ஆக அந்த மேசையில இருக்குற சிஸ்டம் நின்னா அச்சாபீஸே நிக்கும்.

"படம் போச்சு"ன்னா எப்படிப் போச்சு

நேர்ல போய் உக்காந்து கேட்டப்பதான் தெரிஞ்சது, அவரு ஒத்தை வார்த்தையில சொன்னதுக்குள்ள மூணு தனித்தனி கோளாறு இருந்துச்சு. ஒண்ணு, ஆன் பண்ணா ரெண்டு செகண்ட் படம் வந்து அப்படியே இருட்டாயிருது, பட்டன அமுக்கி திரும்ப ஆன் பண்ணா மறுபடி ரெண்டு செகண்ட். இன்னொண்ணு, படம் நிக்கிற நாள்லயும் ஸ்கிரீன் பூரா பச்சையும் சிவப்புமா புள்ளி புள்ளியா தெறிச்சு கெடக்கு, சில நேரம் நெட்டுக்குத்தா கோடு விழுது. மூணாவது அவரு புகாராவே சொல்லல, பேச்சுவாக்குல வந்துச்சு, ஆஃப்செட் மெஷின் ஓடும்போது ஸ்கிரீன்ல தண்ணி அலை மாதிரி ஒண்ணு மேல ஏறிட்டே இருக்குமாம், "அது எப்பவும் அப்படித்தான் தம்பி"ன்னாரு.

இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுப் பாத்தா எவனுக்கும் போர்டு போச்சுன்னுதான் தோணும், அந்தக் கடைக்காரங்கள ரொம்பக் குறை சொல்ல முடியாது. ஆனா பிரிச்சுப் பாத்தா மூணும் மூணு எடத்துல இருந்து வருது, மூணுக்கும் செலவு வேற வேற.

ரெண்டு செகண்ட்ல இருட்டாகுறத முதல்ல எடுத்தேன். ரூம் லைட்ட அணைச்சிட்டு, மொபைல் டார்ச்ச ஸ்கிரீன் மேல சாய்வா அடிச்சுப் பாத்தா டெஸ்க்டாப் ஐகான் எல்லாம் மங்கலா தெரியுது. அப்படித் தெரிஞ்சா படம் வந்துட்டுத்தான் இருக்கு, பின்னாடி எரிய வேண்டிய வெளக்குதான் எரியலன்னு அர்த்தம். சிபியு மேல தப்பே இல்ல. இந்தக் காலத்து மானிட்டர் மாதிரி எல்ஈடி கெடையாது இது, உள்ள மெல்லிசா குச்சி மாதிரி டியூப் இருக்கும், சிசிஎஃப்எல்னு சொல்லுவாங்க, அத எரிய வைக்க ஒரு இன்வர்ட்டர் சர்க்யூட் இருக்கும். அந்த சர்க்யூட்டுக்கு போற கரண்ட் சரியா வரலைன்னாலோ, டியூப்ல ஒண்ணு வீக் ஆனாலோ அது தன்னைத்தானே காப்பாத்திக்க ஒண்ணு ரெண்டு செகண்ட்ல கட் பண்ணிரும்.

மானிட்டர கழட்டுறதுக்கு ஸ்க்ரூ குறைவுதான், சுத்தி பூரா பிளாஸ்டிக் லாக், பழைய ஏடிஎம் கார்ட உள்ள விட்டு நெம்புனா வந்துரும். உள்ள பவர் போர்டுல பெரிய கெபாசிட்டர் ஒண்ணு இருக்கும் பாருங்க, அது கரண்ட் கம்பிய புடுங்குன பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல தேக்கி வச்சிருக்கும், அத டிஸ்சார்ஜ் பண்ணாம கை வைக்கவே கூடாது, பழக்கம் இல்லாதவங்க இந்த எடத்தோட நிறுத்திக்கிட்டு டிவி மெக்கானிக் கிட்ட குடுத்துர்றது உத்தமம். அதே போர்டுல அவுட்புட் பக்கம் இருந்த சின்ன கெபாசிட்டர்ல மூணு, தலை உப்பி நின்னுச்சு. எல்லாத்தையும் கழட்டி அதே மைக்ரோஃபாரட், வோல்ட் மட்டும் அதே அளவு இல்ல ஒரு படி கூட, 105 டிகிரி போட்டதா பாத்து மாத்துனோம். ஜாமான் விலை நூறு ரூவாய்க்குள்ள. படம் நின்னுருச்சு.

அண்ணாச்சிக்கு ஒரே சந்தோசம். ஆனா அந்த மானிட்டருக்கு இன்னும் எவ்வளவு நாள்னு ஒரு கணக்குப் போட்டுப் பாக்கணும்ல. இந்த வகை டியூப் வெளிச்சம் பாதியா குறையுறதுக்கு பொதுவா 40,000, 50,000 மணி நேரம்னு சொல்லுவாங்க. அச்சாபீஸ்ல ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வருசத்துக்கு 300 நாள்னு வச்சாலே 13 வருசத்துல 39,000 மணி நேரம் ஆயிருது. காலையில ஆன் பண்ணா கொஞ்ச நேரம் ஸ்கிரீன் லேசா செவப்படிச்சு இருந்து அப்புறம் சரியாகுது, அது டியூப்புக்கு வயசாயிருச்சுங்கிறதுக்கு அடையாளம். டியூப்ப எடுத்துட்டு எல்ஈடி பட்டை போடுற கிட்டு சல்லிசா கெடைக்கும், சிலபேர் போட்டும் குடுக்குறாங்க, ஆனா ஓரத்துல வெளிச்சம் திட்டுத் திட்டா விழும், பேனலுக்குள்ள தூசி போய் உக்காரும், எனக்கு அதுல இஷ்டமில்ல. நூறு ரூவா ரிப்பேர் ஒரு வருசம் ரெண்டு வருசம் தாங்குனா லாபம், அதுக்கு மேல இந்த மானிட்டருக்கு செலவு பண்ணக் கூடாதுன்னு முடிவு.

புள்ளி எங்கருந்து வருது

மானிட்டர் நின்ன உடனே புள்ளி பளிச்சுன்னு தெரிய ஆரம்பிச்சிருச்சு. இங்கதான் நிறைய பேர் நேரா விண்டோஸ ஃபார்மட் அடிக்கப் போயிருவாங்க. அச்சாபீஸ் சிஸ்டத்துல அத மட்டும் செஞ்சிராதீங்க, அந்த டாங்கிள் சாஃப்ட்வேர் சிடி யாரு கிட்ட இருக்கு, கீ எந்த நோட்டுல எழுதியிருக்குன்னு யாருக்கும் தெரியாது.

ஃபார்மட்டுக்கு அவசியமே இல்லன்னு காட்டுறதுக்கு மூணு நிமிசம் போதும். மானிட்டர்ல இருக்குற மெனு பட்டன அமுக்குனா பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்னு ஒரு பெட்டி வரும்ல, அந்தப் பெட்டி மேலயும் கோடு விழுந்தா பேனல்ல கோளாறு, பெட்டி சுத்தமா இருந்து பின்னாடி படத்துல மட்டும் புள்ளி இருந்தா சிக்னல்ல கோளாறு. இங்க பெட்டி சுத்தம். அப்புறம் சிஸ்டத்த ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸுக்கு முன்னாடி வர்ற பயாஸ் லோகோ வரும்போதே பாத்தேன், அதுலயும் புள்ளி, விண்டோஸ் லோடே ஆகல அந்நேரம், அப்ப டிரைவர், வைரஸ் எல்லாம் கணக்குலயே வராது. மூணாவதா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து பென் டிரைவ்ல போட்டு என் லேப்டாப்ல தொறந்தேன், புள்ளி அப்படியே அதுலயும் இருக்கு. அப்ப கேபிளும் இல்ல, மானிட்டரும் இல்ல, படம் உருவாகுற எடத்துலயே கெட்டுப் போகுது, அதாவது கிராஃபிக்ஸ் கார்டோட மெமரியோ சிப்போ. ஸ்கிரீன்ஷாட்ல புள்ளி இல்லைங்கிறதுக்காக கார்டு நல்லா இருக்குன்னு சொல்லிர முடியாது, கார்டுல இருந்து சிக்னல் வெளிய போற எடத்துல கெட்டாலும் ஸ்கிரீன்ஷாட் சுத்தமாத்தான் வரும். ஆனா ஸ்கிரீன்ஷாட்லயே விழுந்துச்சுன்னா கார்டு மேல சந்தேகம் முக்கால்வாசி உறுதி.

முக்கால்வாசின்னு ஏன் சொல்றேன்னா, சிஸ்டத்துக்கு கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ் பெட்டி இருக்குல்ல, அது வயசாகி 12 வோல்ட் லைன் எறங்கி நின்னாலும் கார்டு இப்படித்தான் கெறங்கும். மல்டிமீட்டர் வச்சுப் பாத்தோம், 11.4க்கும் 12.6க்கும் நடுவுல நின்னா போதும், நின்னுச்சு. கார்ட புடுங்கி அதோட தங்க முலாம் பூசுன பல்ல ரப்பர் போட்டு தேய்ச்சு மாட்டுறது நம்ம ஊர் முதல் வைத்தியம், அதையும் செஞ்சோம், கொஞ்ச நேரம் சுத்தமா இருந்துட்டு சூடான உடனே திரும்ப வந்துருச்சு.

இப்ப சொல்லப் போறதுதான் இந்தக் கேஸ்ல எனக்குப் பிடிச்ச எடம். கார்ட புடுங்கி மேசையில வச்சிட்டு, விஜிஏ கேபிள போர்டுலயே இருக்குற போர்ட்ல சொருகுனோம். ஐ3-2120க்கு உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கு. படம் பளிங்கு மாதிரி வந்துச்சு. செலவு சைபர். 2012ல சிஸ்டம் வித்தவரு "டிசைனிங் வேலைன்னா கார்டு இல்லாம முடியாது"ன்னு தலையில கட்டி விட்டது அது, பேஜ்மேக்கருக்கும் அந்தக் காலத்து கோரலுக்கும் தனி கார்டால ஒரு பிரயோசனமும் கெடையாது, அவ்வளவு வருசமும் கரண்டத் தின்னுட்டு சும்மா கெடந்திருக்கு.

கார்ட ஹீட் கன் வச்சு சூடு காட்டுனா சரியாயிரும்னு ஒரு கூட்டம் சொல்லும், அடுப்புல வச்சு எடுக்குற வீடியோ எல்லாம் சுத்திட்டு இருக்கு. சில நேரம் எந்திரிக்கத்தான் செய்யும், ஆனா சிப்புக்குள்ள விட்டுப்போன எணைப்பு சூட்டுல தற்காலிகமா ஒட்டுறதுதான் அது, கொஞ்ச நாள்ல மறுபடி படுத்துரும், முகூர்த்த நேரத்துல படுக்கும்.

இதே கோளாறு லேப்டாப்ல வந்திருந்தா பேச்சே வேற. லேப்டாப்ல கிராஃபிக்ஸ் சிப்பு போர்டோட சேத்து பத்த வச்சிருக்கும், புடுங்கி மேசையில வைக்க முடியாது. 2011 மாடல் 15 இன்ச், 17 இன்ச் மேக்புக் ப்ரோவுல இப்படித்தான் படம் கிழியுறது, கோடு விழுறதுன்னு ஊர் உலகம் பூரா புகார் வந்து, அமெரிக்காவுல கேஸ் வரைக்கும் போயி, கடைசில ஆப்பிளே 2015 பிப்ரவரியில அதுக்கும் 2012, 2013 மாடல்ல சிலதுக்கும் இலவசமா சரி பண்ணித் தர்றோம்னு ஒரு திட்டம் அறிவிச்சாங்க. அதுலயும் போர்ட மாத்தி வந்த மெஷின்ல திரும்பவும் அதே புகார் வந்ததா நிறைய பேர் எழுதுனாங்க, மாத்துன போர்டுலயும் அதே ரகம் சிப்புதானே. அதனால லேப்டாப்ல புள்ளி, கோடுன்னா முதல்ல வெளிய ஒரு டிவியோ மானிட்டரோ எச்டிஎம்ஐல போட்டுப் பாருங்க. வெளிய சுத்தமா வந்தா பேனலோ, மூடி மடங்குற எடத்துல போற கேபிளோ, மூடிய முன்ன பின்ன ஆட்டும்போது படம் வந்து வந்து போனா கேபிள்தான், அது சின்ன செலவு. வெளியயும் அதே புள்ளி வந்தா 13 வருச லேப்டாப்புக்கு ஒரு பைசாகூட செலவு பண்ணாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

மூணாவது கோளாறு, ஸ்கிரீன்ல ஏறுற அந்த அலை. யுபிஎஸ்ஸுக்குப் போற பிளக்ல எர்த் பின் ஒடிஞ்சு, அத ரெண்டு பின்னாவே சொருகி வச்சிருக்காங்க, ஆஃப்செட் மோட்டாரும் அதே லைன்ல. எலக்ட்ரீசியன வரச் சொல்லி எர்த் சரி பண்ணி மோட்டார தனி லைன்ல போட்டதும் அலை நின்னுருச்சு. சிஸ்டம் கேபினெட்ட தொட்டா சுர்ருன்னு இருக்கும்னு அங்க வேலை பாக்குற அக்கா ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்திருக்காங்க, யாரும் காதுல போட்டுக்கல.

படம் வந்த பிறகுதான் பயம் வந்துச்சு

இதோட பில் எழுதிட்டு கெளம்பியிருக்கலாம். ஆனா விண்டோஸ் பூட் ஆக எடுத்த நேரமும், ஹார்ட் டிஸ்க் கறக் கறக்குன்னதும் சரியாப் படல. டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பாத்தா மஞ்ச கலர்ல எச்சரிக்கை, ரீஅலோகேட்டட் செக்டார், அதாவது கெட்டுப் போயி மாத்து எடம் குடுத்த பகுதி, ஏறியிருக்கு, பெண்டிங் செக்டாரும் இருக்கு. பெண்டிங்னா படிக்க முடியாம திணறிட்டு இருக்குற எடம்னு அர்த்தம். ஆக அண்ணாச்சி கவலைப்பட்ட படம் ஐநூறு ரூவாய்க்குள்ள முடிஞ்சிருச்சு, அவரு கவலையே படாத டிஸ்க்குலதான் 13 வருச பத்திரிகை மேட்டர், ஊர்ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் போட்ட டிசைன், பில் புக் நம்பர் வரிசை எல்லாம் கெடக்கு. பேக்கப்னு ஒரு பென் டிரைவ எடுத்துக் காட்டுனாரு, அதுல 2019 வரைக்கும் இருந்துச்சு, அது இருந்ததே பெரிய விசயம்.

இங்கதான் ரிப்பேரா புதுசாங்கிற கேள்வி நெசமாவே ஆரம்பிக்குது. பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க, ரிப்பேர் செலவு பொருள் விலையில பாதியத் தாண்டுனா புதுசு வாங்கிருன்னு. எந்த விலையில பாதி? இன்னைக்கு இந்த சிஸ்டத்த வித்தா 3,000 ரூவா தேறுனா அதிசயம், அதுல பாதின்னா 1,500, ஒரு எஸ்எஸ்டி போட்டாலே தாண்டிரும், அப்ப தூக்கிப் போடணும். புது செட்டு விலையில பாதின்னா 19,000 வரைக்கும் இதுக்கு செலவு பண்ணலாம்னு வருது, அதுவும் பைத்தியக்காரத்தனம். நான் வேற மாதிரிதான் கேப்பேன்: இது இன்னைக்கு ராத்திரியே செத்தா நாளைக்கு எத்தனை நாள் அச்சாபீஸ் நிக்கும், அந்த நாள் கணக்க எவ்வளவு காசு குடுத்தா கொறைக்கலாம்.

அந்தக் கேள்விக்கு புது செட்டு பதிலே இல்ல, ஏன்னா புது செட்டுல அண்ணாச்சியோட வேலை ஓடாது. பேஜ்மேக்கர் 1985ல ஆல்டஸ் கம்பெனி கொண்டு வந்தது, 1994ல அடோபி அந்தக் கம்பெனிய வாங்குச்சு, 2001ல 7ஆம் வெர்சன் விட்டதோட சரி, அதுக்கப்புறம் இன்டிசைன் பக்கம் போயிட்டாங்க. நம்ம ஊர் அச்சாபீஸ்ங்க போகல. காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்ல. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடே பேஜ்மேக்கருக்கு தெரியாது, அதுல இருக்குற தமிழ் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய எடத்துல தமிழ் எழுத்த வரைஞ்சு வச்ச பழைய ஃபாண்ட். வானவில்ங்கிற தமிழ் சாஃப்ட்வேருக்கு ஒரு வரிசை, ஸ்ரீலிபிங்கிறதுக்கு இன்னொரு வரிசை. 1999ல அரசாங்கம் டாம், டாப்னு ரெண்டு எழுத்து வரிசையா தரப்படுத்தி, அப்புறம் 2010ல யூனிகோடும் டேஸ் 16ங்கிற தமிழ் குறியீடும்தான் இனிமேன்னு ஆணையே போட்டுருச்சு, ஆனா அதுக்குள்ள அச்சாபீஸ் டிஸ்க்குல ஆயிரக்கணக்குல ஃபைல் சேந்து போச்சு. அதே ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்துல தொறந்தா மணமகன் பேரு இருக்க வேண்டிய எடத்துல இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் கொலாப்ஸ் ஆகிக் கெடக்கும்.

அதுக்கு மேல டாங்கிள் டிரைவர் 32 பிட்டுக்கு மட்டும்தான். விண்டோஸ் 11ல 32 பிட்டே கெடையாது. பேஜ்மேக்கர் ஃபைல இன்டிசைன்ல தொறக்கலாம்தான், அதுவும் சிஎஸ்6 வரைக்கும்தான், மாசச் சந்தாவுக்கு வர்ற இன்டிசைன்ல அந்த வசதிய எடுத்துட்டாங்க. படம் லிங்க் எல்லாம் டி டிரைவ்ல எந்த ஃபோல்டர்ல இருந்துச்சோ அதே பாதையில இருக்கணும், இல்லைன்னா ஒவ்வொரு புள்ளையார் படத்தையும் தேடித் தேடி சேக்கணும். முப்பத்தெட்டாயிரம் கொட்டேஷன்ல இதுல எதுக்குமே ஒரு வரிகூட இல்ல. "புது சிஸ்டத்துல எல்லாம் ஏத்தித் தந்துருவோம்"னு வாயால சொன்னாங்களாம்.

அப்ப பழசே போதும்னு விட்டுரலாமான்னா அதுவும் முடியாது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சிருச்சு, குரோமும் 2023ல கை விட்டுருச்சு, பழைய பிரவுசர்ல பேங்க் சைட்டு, ஜிஎஸ்டி எல்லாம் பாக்குறது ஆபத்து. அண்ணாச்சியோ கஸ்டமர் அனுப்புற போட்டோ, பழைய பத்திரிகை மாடல் எல்லாத்தையும் அதே சிஸ்டத்துல வாட்ஸ்அப் வழியா எறக்கிட்டு இருந்தாரு. இந்த பிராசசர்ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, அதுக்கு 8ஆம் தலைமுறை இன்டெலும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். செக்கிங்க தாண்டி ஏத்துற வழி இருக்கு, வீட்டுல வெளையாடிப் பாக்கலாம், பொழப்பு நடக்குற எடத்துல வேண்டாம்.

முடிவா என்ன செஞ்சோம்

ஆவணிக்கு முன்னாடி டிஸ்க்க மட்டும் காப்பாத்துறது, பெரிய மாத்தம் எல்லாம் புரட்டாசியிலன்னு முடிவு பண்ணோம். புரட்டாசியில கல்யாணம் இருக்காது, கை ஓஞ்சிருக்கும், ஏதாவது எசகு பிசகா ஆனாலும் ஒரு வாரம் தாங்கலாம். இந்த மாதிரி எடத்துல எத மாத்துறோம்ங்கிறத விட எந்த மாசத்துல மாத்துறோம்ங்கிறது பெருசு.

கெட்டுட்டு இருக்குற டிஸ்க்க விண்டோஸ்ல வச்சு காப்பி அடிச்சா கெட்ட எடத்துல போய் முட்டிட்டு நிக்கும், அப்படியே டிஸ்க்கு முழுசா சாகவும் சான்ஸ் இருக்கு. அதனால லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்கிற காப்பி எடுக்குற சாஃப்ட்வேர்ல எடுத்தேன். அது நல்ல எடத்த எல்லாம் முதல்ல அள்ளிக்கிட்டு கெட்ட எடத்துக்கு கடைசியாத்தான் திரும்பி வரும், பாதியில நின்னாலும் விட்ட எடத்துல இருந்து தொடரும். ராத்திரி போட்டு விட்டுட்டு வந்துட்டேன். 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே போச்சு, கொஞ்சூண்டு எடம்தான் வரல, அது பழைய கோரல் பேக்கப் ஃபைல் ரெண்டு மூணுல விழுந்திருந்துச்சு, வேலைய பாதிக்கல. எச்61 போர்டுல சாட்டா வேகம் பழைய 3 ஜிபி தான், எஸ்எஸ்டியோட முழு வேகம் கெடைக்காது, ஆனா ஹார்ட் டிஸ்க்குல இருந்து வர்றவருக்கு அது ராக்கெட்டுதான். பயாஸ்ல டிஸ்க்கோட பேசுற முறை ஐடிஈன்னு இருந்தத, புது முறையான ஏஎச்சிஐக்கு மாத்த ஆசைப்பட்டு நேரா மாத்திராதீங்க, விண்டோஸ் 7 ப்ளூ ஸ்கிரீன் அடிக்கும், முதல்ல ரெஜிஸ்ட்ரியில அந்த டிரைவர எழுப்பி விட்டுட்டுத்தான் மாத்தணும்.

பழைய சிஸ்டத்துல இருந்து நெட் கேபிள புடுங்கியாச்சு. இனிமே அது பேஜ்மேக்கருக்கும் ட்ரேசிங் பிரிண்டுக்கும் மட்டும். ஃபைல் போக வர ஒரு பென் டிரைவ், அது புது சிஸ்டத்துல ஸ்கேன் ஆகித்தான் வரணும்.

புரட்டாசியில, கம்பெனிகள்ல லீஸ் முடிஞ்சு வர்ற ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் ஒண்ணு எடுத்தோம், 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11 முறைப்படி ஏறுறது. 16,000 ரூவா, ஒரு வருச வாரண்டி. கூட 22 இன்ச் புது மானிட்டர் 7,000 சொச்சம். இந்த ரீஃபர்பிஷ்டு பெட்டிகள்ல சிலதுல விஜிஏ இல்லாம டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருக்கும், பழைய மானிட்டர்ல போடணும்னா கன்வர்ட்டர் வேணும், வாங்குறப்பவே பின்னாடி திருப்பிப் பாத்துக்கோங்க. மெயில், வாட்ஸ்அப், ஜிஎஸ்டி, சிவகாசிக்கு அனுப்புற மல்டிகலர் வேலை எல்லாம் இதுல.

பழைய டிஸ்க்கோட இமேஜ இந்த புதுப் பெட்டியிலயே, சிஸ்டத்துக்குள்ள இன்னொரு சிஸ்டம் ஓட்டுற விர்ச்சுவல் பாக்ஸ்ல ஒரு விண்டோஸ் 7ஆ ஓட்டிப் பாத்தேன், டாங்கிளையும் அதுக்குள்ள அனுப்பி விட்டா சாஃப்ட்வேர் தொறக்குது. சில சமயம் டாங்கிள் கழண்டுக்குது, திரும்ப சொருகணும், அதனால தினசரி வேலைக்கு அத நம்பச் சொல்லல. கார்ல ஸ்டெப்னி கெடக்குற மாதிரி கெடக்கட்டும், பழைய போர்டு ஒரு நாள் மண்டையப் போட்டா அன்னைக்கு நிக்க வேண்டியதில்ல.

கூட்டிக் கழிச்சா கெபாசிட்டர், எஸ்எஸ்டி, எர்த் வேலை, ரீஃபர்பிஷ்டு பெட்டி, மானிட்டர், என் கூலி எல்லாம் சேத்து 30,000க்கு கொஞ்சம் கீழ வந்துச்சு. கொட்டேஷன விட பெருசா கம்மின்னு சொல்ல முடியாது, அண்ணாச்சியே "என்ன தம்பி, கிட்டத்தட்ட அதே காசுதான் ஆகிப்போச்சு"ன்னு சிரிச்சாரு. ஆனா அந்தக் காசுல இப்ப ரெண்டு சிஸ்டம் ஓடுது, ஆவணி முகூர்த்தத்துல ஒரு பத்திரிகைகூட நிக்கல.

கழட்டிப் போட்ட கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் இன்னும் அலமாரியிலதான். டிஸ்க்க ஒரு வருசம் தொடாம வைக்கச் சொல்லியிருக்கேன், வராம போன ஃபைல் ஏதாவது தேவைப்படலாம். பழைய மானிட்டர் கடைசியா போகும்போது காயலாங்கடையில போடாம இ-வேஸ்ட் எடுக்குறவங்க கிட்ட குடுக்கணும், அந்த டியூப்புக்குள்ள பாதரசம் இருக்கு.

பாக்கி இருக்குறது பழைய ஃபைல்தான். பாலிடெக்னிக் முடிச்சிட்டு வந்திருக்குற அவரு மகன் மார்கழியில இருந்து ஒவ்வொண்ணா பிடிஎஃப் எடுக்க ஆரம்பிச்சிருக்கான், அடிக்கடி திரும்ப வர்ற மாடல்கள மட்டும் யூனிகோட்ல புதுசா அடிச்சு வைக்கிறான், மிச்சம் பேஜ்மேக்கர்லயே கெடக்கும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா முடிஞ்சிருச்சாம், கல்யாணத்துல கைய வச்சிருக்கான், அதுல சொந்தக்காரங்க பேர் வரிசைதான் ரொம்ப நேரம் இழுக்குதுன்னு சொன்னான்.